முதுகு வளைவும் முறையான பயிற்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்து மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். எனக்கு முன் பேசிய அன்பர்கள் இருவரும் செவிக்கு நல்விருந்து படைத்தனர். நானோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயின் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் எழுத்தராகக் காலம் தள்ளுபவன். “உடல்நலத்தைப் பற்றி உமக்குத் தெரிந்ததைச் சொல்லும்” என்று செயலாளர் பணித்தார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அது முதுகெலும்பு வளைவும், அதற்குரிய பயிற்சியும் ஆகும்.

நான் மருத்துவன் அல்லேன். என் மூத்த மகளுக்கு 12 வயதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பது தெரியவந்தது. நான்கு ஆண்டுகள் அவளை மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் அழைத்துச் சென்று, கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்குக் கூறப் போகிறேன். அவள் அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய அனுமதி பெற்றே பேசுகிறேன் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

முதுகு வளைவு தமிழருக்குப் புதிய செய்தியன்று. கூன் என்னும் சொல் நம் மொழியில் மிகப் பழையது. கூன் பாண்டியன் என்று பெயர் பெற்ற மன்னன், திருஞானசம்பந்தர் அருளால் கூன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்பது சைவ மரபு. அருளால் நிமிர்ந்தோர் வரலாற்றை நாம் பக்தியுடன் போற்றுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையின் முதுகை எத்தனை பேர் உற்று நோக்கியிருக்கிறோம்?

முதலில் முதுகெலும்பின் அமைப்பைச் சிறிது காண்போம். நமது முதுகந்தண்டு 33 எலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. இந்த 24-உம் அசையக் கூடியவை. அதன் கீழே 5 எலும்புகள் ஒன்றாய் இணைந்தும், வால் நுனியில் பெரும்பாலும் 4 எலும்புகள் சேர்ந்தும் உள்ளன. பக்கத்திலிருந்து பார்த்தால் இத்தொடர் நேராக இராது. கழுத்தில் முன்னோக்கியும், மார்பில் பின்னோக்கியும், இடுப்பில் மீண்டும் முன்னோக்கியும் மெல்ல வளைந்திருக்கும். இவை இயற்கை தந்த வளைவுகள். சுமையைத் தாங்கும் வில் போன்றவை. மார்புப் பகுதியின் வளைவு அளவு மீறினால் அது கூன். இடுப்பு வளைவு அளவு மீறினால் வயிறு முன்தள்ளிய தோற்றம் உண்டாகும். ஆனால் பின்னாலிருந்து பார்க்கும்போது தொடர் முழுவதும் நேர்கோடாக நிற்க வேண்டும். அங்கே வலப்புறமாகவோ இடப்புறமாகவோ வளைந்தால் அதுவே பக்க வளைவு. இதனை மருத்துவர்கள் ஸ்கோலியோசிஸ் என்பர்.

ரயில்வேக் குடும்பத்தார்க்கு இதை விளக்குவது எளிது. வளைவான தண்டவாளம் பக்கவாட்டில் மட்டும் வளைவதில்லை. வெளிப்புறத் தண்டவாளம் உட்புறத்தைவிட உயர்த்தியும் அமைக்கப்படுகிறது. அதுபோலவே பக்க வளைவில் எலும்புகள் ஒரு புறம் சாய்வதோடு, தம்மைத் தாமே திருகிக்கொள்ளவும் செய்கின்றன. எலும்பு திருகும்போது அதனோடு பிணைந்த விலாவும் திரும்புகிறது. ஆதலால்தான் முதுகில் ஒரு புறம் மேடும் மறுபுறம் பள்ளமும் தோன்றுகின்றன. இந்தத் திருகலை மறந்துவிட்டு, வளைந்த கம்பியை நிமிர்த்துவது போல ஒரு புறமாகத் தள்ளினால் போதும் என்று எண்ணுவது பிழை.

தண்டவாள வளைவை அளப்பதற்கு 20 மீட்டர் நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் குறிக்கிறோம். முதுகின் வளைவை அளக்க 1948-ஆம் ஆண்டில் ஜான் காப் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஒரு முறையை எழுதி வைத்தார். எக்ஸ்ரே படத்தில் வளைவின் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் மிகுதியாகச் சாய்ந்த எலும்புகளைக் கண்டு, அவற்றை ஒட்டிக் கோடுகள் இழுத்து, அக்கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தை அளப்பர். இன்றும் உலகெங்கும் காப் கோணமே அளவுகோல். 10 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது பக்க வளைவு எனக் கொள்ளப்படும்.

இது எத்தனை பேருக்கு உண்டாகிறது? வளரிளம் பருவத்தாரில் 100-க்கு 2 அல்லது 3 பேருக்கு என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. சிறு வளைவு ஆண் பெண் இருபாலாரிடத்தும் ஏறக்குறைய ஒத்த அளவில் காணப்படுகிறது. ஆனால் அது பெரிதாக வளர்வது பெண்பிள்ளைகளிடத்தே பன்மடங்கு மிகுதி. குழந்தை கிடுகிடுவென உயரும் காலமே வளைவும் விரைந்து கூடும் காலம். ஆகவே 10 முதல் 15 வயது வரை பெற்றோர் விழிப்போடு இருத்தல் வேண்டும்.

இதற்குக் காரணம் யாது? பெரும்பாலோரிடம், அதாவது 100-க்கு 80 பேர் அளவில், இன்ன காரணம் என்று கூற இயலுவதில்லை. குடும்ப வழியாக வருவதும் உண்டு. ஆனால் புத்தகப் பையினாலும், ஒருக்களித்துப் படுப்பதாலும், கோணி உட்காருவதாலும் இவ்வளைவு உண்டாவதில்லை. பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுவது உண்மையே. அது தோள்வலிக்கும் களைப்புக்கும் நல்ல மருந்து. பக்க வளைவுக்கு மருந்தன்று. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், வளைவு தெரிந்த நாளில் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “நேராக உட்கார் என்று எத்தனை முறை சொன்னேன், கேட்டாயா?” என்பதே. குற்றமற்ற குழந்தையைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள்.

காரணம் தெரிந்த வளைவுகளும் சில உண்டு. பிறவியிலேயே எலும்பு குறைபட அமைவது ஒன்று. தசைகளும் நரம்புகளும் நலிவதால் வருவது மற்றொன்று. இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்தோரை முன் தலைமுறையினர் நிறையக் கண்டிருப்பர். 2011 ஜனவரியில் ஹௌராப் பகுதியில் கண்ட ஒரு குழந்தைக்குப் பின் அந்நோய் நம் நாட்டில் பரவவில்லை. 2014-இல் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. முதுகெலும்புக் காசநோயால் உண்டாகும் கூன் இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஓயாத முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அதற்குப் பயிற்சி வழியன்று. மாதக்கணக்கில் மருந்து உண்பதே வழி. அம்மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

பக்க வளைவை வீட்டிலேயே கண்டறிவது எப்படி? இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் என்பார் 1865-ஆம் ஆண்டிலேயே ஒரு சோதனையைக் கூறியுள்ளார். பிள்ளையை வெறுங்காலுடன் நிற்கச் செய்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்து முன்னே குனியச் சொல்ல வேண்டும். முதுகின் மட்டத்திற்கு நம் கண்ணைத் தாழ்த்திப் பின்னிருந்து நோக்க வேண்டும். ஒரு புறம் விலா மேடாக உயர்ந்து தெரிந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு தோள் உயர்ந்திருத்தல், ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துதல், இடுப்பின் இரு புறமும் ஒத்திராமை ஆகியவையும் கவனிக்கத் தக்கன. என் வீட்டில் இதை முதலில் கண்டவர் தையற்காரரே. தீபாவளிப் பாவாடையின் விளிம்பு ஒரு புறம் தாழ்வதைப் பார்த்து, “துணியில் கோணல் இல்லை, குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள்” என்றார். நூல் பிடித்துப் பார்க்கும் தொழிலாளியின் கண்ணுக்கு நான் என்றும் தலை வணங்குகிறேன்.

கண்டபின் செய்ய வேண்டுவது என்ன? வளைவின் அளவும், இன்னும் எவ்வளவு வளர்ச்சி மீதமுள்ளது என்பதுமே இதனைத் தீர்மானிக்கும். சிறு வளைவாயின் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து வருவர். அத்துடன் பயிற்சியும் தருவர். வளரும் பிள்ளைக்கு 25 பாகையைத் தாண்டினால் உடலைச் சுற்றிய கவசம் அணிவிப்பர். 45, 50 பாகையைத் தாண்டினால் அறுவையைப் பற்றி ஆலோசிப்பர்.

கவசத்தினால் பயன் உண்டா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2013-இல் வெளிவந்தது. கவசம் அணிந்தோரில் 100-க்கு 72 பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையை எட்டவில்லை. அணியாமல் பார்வையில் மட்டும் இருந்தோரில் அவ்வாறு தப்பியவர் 48 பேரே. நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 மணி நேரத்திற்கு மேல் அணிந்தவர்களிடம் வெற்றி 100-க்கு 90-ஐயும் கடந்தது. மணிக்கணக்கே இங்கு மந்திரம்.

இனி, பயிற்சிக்கு வருவோம். இத்துறையின் தாய் என்று போற்றத் தக்கவர் காதரீனா ஷ்ரோத் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. டிரெஸ்டன் நகரில் 1894-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருக்கே பக்க வளைவு இருந்தது. 16-ஆம் வயதில் எஃகுக் கவசம் அணிவிக்கப்பட்டார். ஒருநாள், நசுங்கிய ரப்பர்ப் பந்தில் காற்று நிறைந்தால் பள்ளம் எழும்பக் கண்டார். தம் மார்பின் பள்ளமான பக்கத்தையும் மூச்சுக் காற்றால் உள்ளிருந்தே எழுப்பலாகாதா என்று எண்ணினார். கண்ணாடிகளின் முன் நின்று, தம் உடலையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு பழகினார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும் 1921-இல் மைசன் நகரில் சிறு பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1961-இல் மகள் கிறிஸ்தாவுடன் மேற்கு ஜெர்மனியின் சோபர்ன்ஹைம் என்னும் ஊரில் பணியைத் தொடர்ந்தார். 1985-இல் மறைந்தார். இன்று அவர் முறை பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. இத்தாலி, பிரான்சு போன்ற நாடுகளிலும் இதை ஒத்த வேறு முறைகள் உள்ளன.

அம்முறையின் சாரம் நான்கு படிகள். முதலாவது நீட்சி: உச்சந்தலையை யாரோ மேலே இழுப்பது போல உடலை நெட்டுவாக்கில் நீட்டுதல். இரண்டாவது திருத்தம்: இடுப்பு, விலா, தோள் என ஒவ்வொரு பகுதியையும் அது விலகிய திசைக்கு எதிராக நடுக்கோட்டுக்குக் கொணர்தல். மூன்றாவது மூச்சு: பள்ளமான பக்கத்தை நோக்கி மூச்சை மெல்ல இழுத்து அதனை விரித்தல். நான்காவது நிலைநிறுத்தல்: மூச்சை விடும்போது தசைகளை இறுக்கி, அடைந்த நிலையை நழுவவிடாமல் காத்தல். இவற்றைப் படுத்தும், அமர்ந்தும், நின்றும் பழக வேண்டும். பின்பு நடக்கும்போதும் படிக்கும்போதும் அந்நிலையை நினைவோடு மேற்கொள்ள வேண்டும்.

வீட்டில் இதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு பாய், ஆள் உயரக் கண்ணாடி, ஒரு நாற்காலி, அரிசி நிரப்பிய சிறு துணிப்பைகள் மூன்று நான்கு. ஜெர்மனியில் சுவரில் பதித்த மரச்சட்டங்களைப் பற்றிக்கொண்டு செய்வர். நம் குவார்ட்டர்ஸில் ஜன்னல் கம்பி அவ்வேலையைச் செய்கிறது. அரிசிப் பையை உடலின் எப்பகுதிக்கு அடியில் வைப்பது என்பதை இயன்முறை மருத்துவர் குறித்துத் தருவார். என் மகள் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் செய்கிறாள். முதல் மூன்று மாதம் அவளுக்கு அது பெரும் பாரமாக இருந்தது. கண்ணாடியில் தன் உடலையே உற்றுப் பார்ப்பது 12 வயதுப் பெண்ணுக்கு எளிதன்று. அவள் தாய் பக்கத்தில் அமர்ந்து மூச்சை எண்ணினாள். சில நாள் அழுகையும் உண்டு, அந்நாட்களில் பத்து நிமிடத்தோடு விட்டுவிடுவோம், மறுநாள் விடுவதில்லை.

பயன் என்னவென்று உண்மையாகக் கூறுகிறேன். தொடக்கத்தில் வளைவு 23 பாகை. ஆறு மாதத்தில் 27 ஆயிற்று. கவசமும் சேர்ந்தது, நாளுக்கு 16 மணி நேரம் அணிந்தாள். இப்பொழுது வயது 16, வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிட்டது. வளைவு 25 பாகை. முதுகு நேராகிவிட்டது என்று நான் கூறவில்லை. வளைவு மேலே ஏறாமல் நின்றதே எங்கள் வெற்றி. ஆராய்ச்சிகளும் இவ்வளவே கூறுகின்றன. இத்தாலியில் 110 பிள்ளைகளைக் கொண்டு நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்விலும், கனடாவில் 50 பிள்ளைகளிடம் நடந்த ஆய்விலும், இத்தகைய பயிற்சி செய்தோர் மற்றவரைவிட நலமடைந்தனர். ஆயினும் பெரிய ஆய்வுகள் இன்னும் வேண்டும் என்பதே அறிஞர் கருத்து. கவசம் தேவையான இடத்தில் பயிற்சி அதற்குத் துணையே அன்றி மாற்றன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு விதம். ஒருவர்க்கு வலப்புறம் மேடெனில் மற்றவர்க்கு இடப்புறம். ஒருத்தியின் பயிற்சியை மற்றொருத்தி பார்த்துச் செய்வது, ஒருவர் மூக்குக் கண்ணாடியை மற்றவர் அணிவது போன்றதாகும். கைப்பேசிப் படத்தைப் பார்த்துச் செய்வதும் அவ்வாறே. முறைப்படி பயின்ற இயன்முறை மருத்துவரிடம் கற்று, குறித்த காலத்தில் மீண்டும் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். “பத்தே நாளில் எலும்பை நேராக்குவோம்” என்று முதுகைச் சொடுக்கி எடுப்போரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள். யோகாசனமும் நீச்சலும் விளையாட்டும் உடலுக்கு நல்லவை. வளைவுள்ள பிள்ளைகளும் தாராளமாக ஓடி விளையாடலாம். ஆனால் அவை மட்டுமே வளைவைத் திருத்திவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது. இரவில் எழுப்பும் வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் அடக்க இயலாமை, பத்து வயதிற்குள்ளேயே தோன்றும் வளைவு ஆகியவை இருப்பின் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மற்ற வளைவுகளுக்கும் ஒரு சொல். படிக்கும் பிள்ளைகள் தோளை முன்தள்ளிக் கூனுவது பெரும்பாலும் பழக்கமே. நிமிரச் சொன்னால் முதுகு நேராகிவிடும். குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்துதல், சுவரில் முதுகைச் சேர்த்து நின்று கைகளை மேலேற்றுதல் போன்ற பயிற்சிகளே அதற்குப் போதும். நிமிரச் சொல்லியும் நேராகாத விறைத்த கூனாயின் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வயது முதிர்ந்த தாய்மார்களின் கூன் வேறு. எலும்பு மெலிந்து, முன்புறம் நசுங்குவதால் அது வருகிறது. அவர்கள் குனிந்து செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையார் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகை முன்னே மடக்கும் பயிற்சி செய்த பெண்களில் 100-க்கு 89 பேருக்கு எலும்பு மேலும் நசுங்கியது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தோரில் 16 பேருக்கே அவ்வாறு ஆயிற்று. பாட்டியைப் பேரன்மாரோடு குனிந்து நிமிரச் சொல்லும் அன்பர்கள் இதை நினைவில் வைப்பார்களாக.

இறுதியாக, என் உள்ளத்தில் உள்ளதைக் கூறி முடிக்கிறேன். என் மகளுக்கு வளைவு என்று தெரிந்தபோது உறவினர் பலர் தந்த அறிவுரை ஒன்றே: “வெளியே சொல்லாதே, நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா?” அன்பினால் கூறியதே. ஆனால் மறைத்தால் கவசத்தைப் பள்ளிக்கு அணிந்து போக முடியாது. மணிக்கணக்கு குறையும், வளைவு கூடும். நாளைய வரனுக்காக மறைக்கப் போய், மறைக்க முடியாத அளவுக்கு முதுகு வளைந்துவிடும். மேலும், மிதமான வளைவுள்ள பெண்கள் படிக்கலாம், உழைக்கலாம், மணம் புரியலாம், பிள்ளை பெறலாம். இதற்கு மருத்துவத்தில் தடையில்லை. தடையாய் நிற்பது நம் நாவே. நாம் ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, ஒருவர்க்கொருவர் உறவாக வாழ்கிறோம். இக்காலனியில் ஒரு பெண்ணின் கவசத்தைக் கண்டு பேசாதிருக்கவும், அவளை விளையாட அழைக்கவும் நம் குழந்தைகளுக்குக் கற்பிப்போமாயின், அது பெரிய மருத்துவம்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பெண்பிள்ளைகளை 10, 12 வயதுகளிலும், ஆண்பிள்ளைகளை 13 அல்லது 14 வயதிலும் பார்த்தல் நலம் என்று அமெரிக்க எலும்பு மருத்துவச் சங்கங்கள் 2015-இல் கூறின. அனைவரையும் சோதிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2018-இல் அந்நாட்டிலேயே வேறொரு குழு கூறியதும் உண்டு. ஆயினும் குனியச் செய்து பார்ப்பதில் செலவுமில்லை, தீங்குமில்லை. ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கும் நம் மண்டபத்தில், ஆண்டுக்கு இருமுறை, தனியறையில், பெண்பிள்ளைகளைத் தாய்மார்களே பார்க்கலாம். ஐயம் எழுந்தால் ரயில்வே மருத்துவமனைக்கு அனுப்பலாம். மாலை வேளைகளில் மண்டபத்தின் ஒரு மூலையில் கண்ணாடியும் பாயும் இட்டால், தனியே வீட்டில் அலுத்துப் போகும் பிள்ளைகள் அவரவர் பயிற்சியைத் துணையோடு செய்வர். என் மனைவி மேற்பார்வைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. முதுகெலும்பைப் பொறுத்தவரை, பன்னிரண்டில் பாராதது இருபதில் நிமிருமா என்று மாற்றிக் கொள்வோம்.